வீட்டில் கட்டிய விமானத்தில் 13பி ரோட்டரி: சில நூறு மணி நேரம் ஓட்டிய பிறகு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முதல் உலகப் போர் விமானங்களில் சிலிண்டர்கள் மொத்தமும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்தே சுற்றுமே, அந்த ரோட்டரி இல்லை இது. ஃபெலிக்ஸ் வான்கெல் யோசித்து, 1957-இல் என்எஸ்யூ கம்பெனியில் முதலில் ஓடி, 1967-இலிருந்து மாஸ்டா கார்களில் வந்த முக்கோண ரோட்டர் இன்ஜின். 13பி என்றால் இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1,308. ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 இரண்டிலும் இருப்பது இந்தக் குடும்பம்தான்.

சில நூறு மணி நேரம் ஓட்டியபின் இன்ஜினைப் பற்றிப் பெரிய புகார் எதுவும் இல்லை. வால்வு இல்லை, ராக்கர் இல்லை, அதிர்வு மிகக் குறைவு. புகார் எல்லாம் சூட்டைப் பற்றித்தான். அதிலும் எல்லாரும் பயந்து பயந்து கவனிக்கும் கூலன்ட் சூட்டை விட, கடைசி நேரத்தில் கிடைத்த இடத்தில் சொருகப்படும் ஆயில் கூலர்தான் அதிகம் படுத்துகிறது.

காரணம் இன்ஜினின் அமைப்பிலேயே இருக்கிறது. பிஸ்டன் இன்ஜினில் ஆயில் பெரும்பாலும் உராய்வைத்தான் பார்த்துக்கொள்கிறது. ரோட்டரியில் ரோட்டரின் உட்புறத்தைக் குளிர்விப்பதே ஆயில்தான். எக்ஸென்ட்ரிக் ஷாஃப்டில் (ரோட்டர்கள் சுழற்றும் நடு அச்சு) உள்ள ஜெட்களிலிருந்து ரோட்டருக்குள் ஆயில் பீய்ச்சப்படுகிறது. வெளியேற்ற வேண்டிய சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆயில் வழியாகவும், மீதி கூலன்ட் வழியாகவும் போகிறது.

கணக்காகவே பார்க்கலாம். 160 குதிரைத்திறன் என்பது 119 கிலோவாட். ரோட்டரியில் கூலன்டும் ஆயிலும் சேர்ந்து சுமக்கும் சூடும் ஏறக்குறைய அதே அளவு என்று வைத்துக்கொண்டால் தவறு பெரிதாக வராது: கூலன்டுக்கு 80 கிலோவாட், ஆயிலுக்கு 40. ரேடியேட்டர் வழியாகப் போகும் காற்று 40 டிகிரி சூடேறும் என்றால் 80 கிலோவாட்டுக்கு நொடிக்கு 2 கிலோ காற்று, அதாவது சுமார் 1.7 கன மீட்டர் வேண்டும். ஏறும்போது 80 நாட் வேகம் என்றால் காற்று நொடிக்கு 41 மீட்டரில் வருகிறது. அந்த வேகம் குறையாமலே காற்று வாசலுக்குள் நுழைந்தாலும் ரேடியேட்டருக்கு மட்டும் 415 சதுர செ.மீ. வாசல் தேவை. ஆயில் கூலருக்குத் தனியாக இன்னொரு 207. கவுலில் (இன்ஜினை மூடும் உறை) ஆயிலுக்கென்று ஒரு சின்ன ஓட்டை வெட்டிவிட்டு, சூடு இறங்கவில்லையே என்று கூலரை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கூலன்ட் ஓட்டத்தையும் இதே வழியில் சரிபார்க்கலாம். தண்ணீரும் கிளைகாலும் பாதிக்குப் பாதி கலந்த கலவையில், உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் நிமிடத்துக்கு 130 லிட்டர் சுற்ற வேண்டும். இதற்கு 25 மி.மீ. உள்விட்டத்துக்குக் குறைந்த ஹோஸ் போட்டால் பம்ப் திணறும். ஆயிலுக்கு 28 டிகிரி வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 50 லிட்டர். விமான ஹோஸ் அளவில் ஏஎன்-10-க்குக் கீழே இறங்கவே கூடாது. நீளமாக ஓடினால் ஏஎன்-12. கூர்மையாக மடங்கும் ஃபிட்டிங் ஒவ்வொன்றும் அழுத்தத்தைத் தின்கிறது. 90 டிகிரி ஃபிட்டிங்கில் நீளமாக வளைந்த குழாய் வகையை மட்டும் வாங்குங்கள்.

கார் ஏசியின் எவாப்பரேட்டர் கோர்களை ரேடியேட்டராக மாற்றிப் போடுவது இந்த வட்டாரத்தில் பழைய வழக்கம். முகப்பு சிறிது, தடிமன் அதிகம். விமான வேகத்துக்கு அது பொருந்துகிறது. இரண்டு கோர் போட்டால் பேரலலாக இணையுங்கள். சீரிஸில் போட்டால் முழு ஓட்டமும் ஒவ்வொரு கோரின் நெருக்கடியையும் தாண்டிப் போக வேண்டியிருக்கும். பேரலலில் இரண்டு பக்க ஹோஸும் ஏறக்குறைய ஒரே நீளம் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒன்று சுடும், மற்றது சும்மா இருக்கும். கையை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

இனி டக்ட், அதாவது வாசலிலிருந்து கோர் வரை காற்றைக் கொண்டுவரும் வழி. கோர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் டக்ட் மோசமென்றால் பயனில்லை. 80 நாட்டில் கிடைக்கும் டைனமிக் அழுத்தம் சுமார் 106 மி.மீ. நீர்மட்டம், அவ்வளவுதான். 120 நாட்டில் அது 238 ஆகிவிடும். நேர்மட்டப் பறப்பில் எல்லாம் நன்றாக இருந்து, ஏறும்போது மட்டும் கேஜ் மேலே போவதன் ரகசியம் இதுதான்: குறைந்த வேகம், முழு த்ராட்டில். அந்த 106-இல் எழுபது எழுபத்தைந்தாவது கோரின் முகத்துக்கு வந்து சேர வேண்டும். வாசலிலிருந்து கோர் வரை டக்ட் மெதுவாக விரிய வேண்டும். ஒரு சுவர் 7 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து உள்ளே சுழல ஆரம்பிக்கும். இடம் இல்லாதபோது, கொஞ்ச தூரம் கிட்டத்தட்ட நேராக வந்து, கோரின் முகத்தருகே மட்டும் ட்ரம்பெட் வாய் போல விரியும் வடிவம் நேர்க்கோட்டுக் கூம்பை விட நன்றாக வேலை செய்கிறது. கோரின் ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் காற்று அந்த வழியாகத்தான் ஓடும். அதற்கென்ன, கோருக்குள் நெருங்கிப் போகவா ஆசை? ஆர்டிவி சிலிக்கான், ஓரத்தில் ரப்பர் பட்டை, எதுவாக இருந்தாலும் டார்ச் அடித்து வெளிச்சம் கசியாத அளவுக்கு அடையுங்கள்.

வெளியேறும் வழியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். சூடான காற்று விரிவடைகிறது, ஆகவே வெளி வாசல் உள் வாசலை விடப் பெரிதாக இருக்க வேண்டும். ஏறுவதற்கு மட்டும் திறக்கும் கவுல் ஃப்ளாப் இருந்தால் இன்னும் நல்லது. ரேடியேட்டரும் ஆயில் கூலரும் ஒரே கவுலுக்குள் காற்றைக் கொட்டினால் உள்ளழுத்தம் ஏறி இரண்டும் சேர்ந்து மூச்சுத் திணறும். ஒன்றுக்காக வாசலைப் பெரிதாக்கினால் மற்றதன் சூடு ஏறும். தலைகீழாகத் தெரிகிற இந்த அறிகுறிதான் பிரச்சினை வெளிவாசலில் இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

இதையெல்லாம் ஊகிக்கத் தேவையே இல்லை. ஒரு யு வடிவ பிளாஸ்டிக் டியூப், அதில் பாதி தண்ணீர், ஒரு சொட்டு கலர். ஒரு முனை கோரின் முன்னால், மறு முனை கோரின் பின்னால். டக்டுக்குள் இருக்கும் முனையில் சின்னச் சின்ன ஓட்டைகள் போட்ட, நுனி அடைத்த அலுமினியக் குழாய். காக்பிட்டில் டேப் ஒட்டி வைத்து, 80 நாட்டில் ஏறும்போது எத்தனை மி.மீ. என்று குறிப்பவர் பக்கத்து சீட்டில் இருக்கட்டும். பழைய ஏர்ஸ்பீட் இண்டிகேட்டர் ஒன்று சும்மா கிடந்தால் அதையே டிஃபரன்ஷியல் கேஜாகப் போடலாம். முன்னழுத்தம் குறைவா, வாசலும் டக்டும் தப்பு. பின்னழுத்தம் அதிகமா, வெளிவாசல் தப்பு. இரண்டும் சரியாக இருந்தும் சூடு இறங்கவில்லை என்றால் மட்டும்தான் பெரிய கோர் வாங்கக் காசை எடுக்க வேண்டும்.

ஒரு வார்த்தை, தரையில் நிற்கும்போது பற்றி. ப்ரொப்பெல்லரின் வேர்ப்பகுதி காற்றையே தள்ளுவதில்லை. ஸ்பின்னரை (ப்ரொப்பெல்லர் நடுவே உள்ள கூம்பு) ஒட்டிய வாசல் படத்தில் அழகு, தரையில் உருட்டிப் போகும்போது தொல்லை.

கூலன்ட் பக்கம் மூன்று தப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது தெர்மோஸ்டாட். 13பி-யின் அசல் தெர்மோஸ்டாட்டின் அடியில் ஒரு தட்டு இருக்கும். திறக்கும்போது அது கீழே உள்ள பைபாஸ் துளையை மூடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தாலோ, அடித்தட்டு இல்லாத வேறொன்றைப் போட்டாலோ, சூடான கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக இன்ஜினுக்கே திரும்பும். எடுத்துவிட்டால் அந்தத் துளைக்கு மரை வெட்டி பிளக் போட்டாக வேண்டும். இரண்டாவது, ப்ரெஷர் கேப் இடம். பம்பின் வெளியேற்றப் பக்கத்தில் கேப் இருந்தால் முழு த்ராட்டிலில் பம்ப் அழுத்தமும் சேர்ந்து கேப்பைத் தூக்கிக் கூலன்டைத் துப்பிவிடும். பம்பின் உறிஞ்சு பக்கத்தோடு இணைந்த எக்ஸ்பான்ஷன் டாங்கில்தான் கேப் இருக்க வேண்டும், 1.1 முதல் 1.3 பார். பத்தாயிரம் அடியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிக்கிறது. கேப் செத்துப்போன சிஸ்டத்தோடு அங்கே போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது, காற்றுக்குமிழி. மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும் நிலையில் எது உயரமான இடம் என்று பாருங்கள், ஹாங்கரில் நிற்கும் நிலையில் அல்ல. பம்ப் ஹவுசிங் மேலிருந்தும் ரேடியேட்டர் மேல்முனையிலிருந்தும் எக்ஸ்பான்ஷன் டாங்குக்குத் தனித்தனி மெல்லிய ப்ளீட் லைன் போட்டால் இந்தத் தலைவலி அன்றோடு போயிற்று.

பழைய 13பி வாங்கினால் எக்ஸென்ட்ரிக் ஷாஃப்டின் முன்முனை போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் தெர்மல் பெல்லட்டை எடுத்துவிட்டுத் திட உலோகத் துண்டு போடுங்கள். ஆயில் சூடாகும்வரை ரோட்டர் ஜெட்களுக்கு ஆயிலை நிறுத்தி வைப்பது அதன் வேலை. அது கெட்டுப்போனால் சூடான பிறகும் ரோட்டர்களுக்கு ஆயில் சரியாகப் போகாது. காருக்கு அது வசதி. ஆகாயத்தில் அந்த ஆபத்து வேண்டாம். ஆயில் அளக்கும் பம்பை எடுத்துவிட்டவர்கள் பெட்ரோலில் லிட்டருக்கு 8 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். ரோட்டரின் முனைகளில் உள்ள அடைப்புப் பட்டையான அபெக்ஸ் சீலுக்கு வேறு உயவு கிடையாது. இங்கே ஒரு தொல்லை: வெளியூர் ஓடுதளத்தில் பெட்ரோல் போடும்போது ஆயில் பாட்டிலும் கையில் இருக்க வேண்டும்.

நாங்கள் வைத்திருக்கும் எல்லைகள்: இன்ஜினுக்குள் நுழையும் ஆயில் 100 டிகிரி, கூலன்ட் ஏறும்போது 105, நேர்மட்டத்தில் 80 முதல் 90. ஆயில் சென்சார் எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாக எழுதி வையுங்கள். கூலருக்குப் போகும் முன் அளக்கும் எண்ணும் பின் அளக்கும் எண்ணும் கிட்டத்தட்ட 30 டிகிரி வேறுபடும். இரண்டு பேர் எண்களை ஒப்பிட்டுச் சண்டை போடுவது பெரும்பாலும் இதனால்தான். ஆயில் ஏறுவது மெதுவாக, இறங்குவதும் மெதுவாக. கேஜ் 100-ஐத் தொட்டபின் மூக்கைத் தாழ்த்தினால் இன்னும் சில நிமிடம் ஏறிவிட்டுத்தான் இறங்கும். 93-லேயே தாழ்த்துவதுதான் பழக்கமாக வேண்டும்.

கியர்பாக்ஸ் பற்றிச் சுருக்கமாக. 7,500 சுற்றில் ஓடும் இன்ஜினை 2.85-க்கு 1 என்று குறைத்தால் ப்ரொப்பெல்லர் 2,630. ப்ளானெட்டரி கியர் சுழலும் திசையை மாற்றாது, ஒற்றை ஜோடி பற்சக்கரம் மாற்றிவிடும். ப்ரொப்பெல்லர் ஆர்டர் கொடுக்கும் முன் இதை உறுதி செய்யுங்கள். ஐடிலில் 1,500-க்குக் கீழே தடதடவென்று அடிக்கும், 1,800-இல் அடங்கிவிடும். டாம்பர் ரப்பர்களை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

எக்ஸாஸ்ட்தான் உண்மையான செலவு. வாயு 900 டிகிரியைத் தாண்டி வருகிறது. சாதா இரும்பு நிற்காது. 304 ஸ்டெயின்லெஸ் விரிசல் விடும். 321 பரவாயில்லை, இன்கோனல் நிம்மதி. மஃப்ளருக்குள் தகடு வைத்த டிசைன் எதுவாக இருந்தாலும், ஒருநாள் தகடு உடைந்து வாயை அடைக்கும், அப்போது பவர் திடீரென்று போகும். நேர்வழி மஃப்ளர் சத்தம் அதிகம்தான், ஆனால் அடைபடாது. ஆர்எக்ஸ்-8-இன் ரெனசிஸ் இன்ஜினில் எக்ஸாஸ்ட் பக்கச் சுவர் வழியாகப் போவதால் சத்தம் குறைவு. புதிதாக ஆரம்பிப்பவருக்கு அதையே சொல்வேன்.

எடை பற்றி ஒரு கனவு பலருக்கு இருக்கிறது. இன்ஜின் கையடக்கம்தான். கியர்பாக்ஸ், ரேடியேட்டர், கூலன்ட், இரண்டாவது பேட்டரி, எக்ஸாஸ்ட் எல்லாம் ஏறியபின் லைகாமிங் ஓ-360 என்ற வழக்கமான விமான பிஸ்டன் இன்ஜினின் எடைக்கே வந்து நிற்கிறது. பெட்ரோலும் அப்படித்தான்: 100 குதிரைத்திறனில் பறக்க மணிக்கு 30 லிட்டருக்குச் சற்று மேலே. லாபம் வேறெங்கோ இருக்கிறது. ஒரு அபெக்ஸ் சீல் உடைந்தாலும் பெரும்பாலும் பவர் குறைந்து ஓடிக்கொண்டே இருக்கும், நின்றுவிடாது.

ஒருமுறை நன்றாகச் சூடேறிய இன்ஜினை என்ன செய்வது என்ற கேள்வி எப்போதும் வரும். அலுமினிய ரோட்டர் ஹவுசிங்குகள் இரும்புச் சுவர்களுக்கு நடுவே 18 நீள போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கின்றன. அதிகச் சூட்டில் அலுமினியம் இரும்பை விட அதிகம் விரிந்து, இடையில் உள்ள கூலன்ட் ஓ-ரிங்குகளை நசுக்கிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சிஸ்டத்தில் 1 பார் காற்றடித்து, பிளக்குகளைக் கழற்றி, ஒரு இரவு விட்டுவிடுங்கள். காலையில் கேஜ் இறங்கியிருந்து, ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது பிளக் துளையிலிருந்து பச்சைத் துளி தெறித்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். கேஜ் அப்படியே நின்றால் கூலன்டை நிரப்பி, பத்து மணி நேரம் பறந்தபின் இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.