நகராத வண்டிக்கு ஃபிஃப்த் வீல் வேண்டுமா?

ஒன்ராறியோ முகாம் பூங்காக்களில் சீசன் இடங்கள் பெரும்பாலும் மே மாதம் திறந்து அக்டோபர் நடுவில் மூடப்படும். அங்கே சீசன் முழுக்க நிறுத்தித் தங்கும் வீட்டு வண்டிகளில் மூன்று போட்டிக்கு வரும்: பிக்கப் டிரக்கின் முதுகில் கொக்கி மாட்டி இழுக்கும் ஃபிஃப்த் வீல், பம்பருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் டிராவல் டிரெய்லர், ஒரே இடத்தில் நிற்கும் பார்க் மாடல்.

ஃபிஃப்த் வீலின் பெருமையே இழுவையில்தான். கொக்கி பம்பருக்குப் பின்னால் தொங்காமல் பிக்கப்பின் பின் அச்சுக்கு மேலே உட்காருவதால், பக்கத்தில் பெரிய லாரி கடந்தாலும் வண்டி அதிகம் அலைக்கழியாது. ஆனால் அதன் எடையில் 20 முதல் 25 சதவீதம் டிரக்கின் முதுகில் ஏறும். டிராவல் டிரெய்லரில் அது 10 முதல் 15தான். 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் என்றால் குறைந்தது 2,400 பவுண்டு. ஆளும் சாமானும் தனி. அரை டன் என்று விற்கும் சாதாரண பிக்கப்புகள் பெரும்பாலும் இதைத் தாங்காது. விற்பவர் அடித்துச் சொல்லும் இழுதிறனை விடுங்கள், டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து ஸ்டிக்கரில் உள்ள தாங்கு எடையை (பேலோட்) பாருங்கள். போதாக்குறைக்கு, இழுபடும் வண்டி 4,600 கிலோவைத் தாண்டினால், ஒன்ராறியோவில் கார் ஓட்டும் சாதாரண ஜி உரிமம் போதுமா என்றும் விசாரிக்க வேண்டும்.

சரி, சீசன் முழுக்க ஒரே இடத்தில் நிற்கப்போகிறது, கூலிக்கு இழுத்து வந்து விட ஆள் இருக்கிறது. அப்படியானால் வீடாக மட்டும் எடைபோடலாம். கூடத்தின் உயரமும் அடியில் உள்ள சாமான் அறையும் ஃபிஃப்த் வீலில்தான் தாராளம். படுக்கையறையோ சில படிகள் மேலே. பல வண்டிகளில் குளியலறையும் அங்கேதான். மூட்டுவலிக்கார அம்மாவைக் கீழே சோஃபாவில் படுக்கவைத்தால், நடுராத்திரியில் அவர் அந்தக் குறுகலான படிகளில் ஏறியாக வேண்டும். வயதானவர்கள் வருவார்கள் என்றால் ஒரே மட்டமான டிராவல் டிரெய்லருக்குத்தான் என் ஓட்டு.

பூங்காவில் மின்சார இணைப்பு எத்தனை ஆம்ப் என்றும் கேட்டுவிடுங்கள். 30 ஆம்ப் கம்பம் தருவது 3,600 வாட். 50 ஆம்ப் இரண்டு இணைப்பாக வருவதால் அது தருவது 12,000. இரண்டு ஏ.சி. உள்ள ஃபிஃப்த் வீலை 30 ஆம்ப் கம்பத்தில் செருகினால், ஒரு ஏ.சி., வாட்டர் ஹீட்டர், மைக்ரோவேவ் மூன்றும் சேர்ந்து ஓடும்போதே பிரேக்கர் விழுந்துவிடும்.

பார்க் மாடல் கிட்டத்தட்ட வீடுதான். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் சுமார் 12 அடி அகலம் என்பதால், சாலையில் ஏற்றவே தனி அனுமதி வேண்டும். பூங்கா வாடகையை ஏற்றினால் பேரம் பேச உங்களுக்குப் பிடி இருக்காது. நீண்டகால ஒப்பந்தம் கையில் இல்லாமல் அதைத் தொடமாட்டேன்.

பெரியவர்கள் இல்லாத, சாமான் நிறைய சேர்க்கும் குடும்பத்துக்கு ஃபிஃப்த் வீல் சரி. புதிதைவிடப் பழையதே லாபம். பார்க்கப் போகும்போது ஸ்லைடு அவுட்டின் (நிறுத்தியபின் பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதி) மூலைகளைக் காலால் அழுத்திப் பாருங்கள். தரை மெத்தென்று அமுங்கினால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. விலை பேசாமல் திரும்பிவிடலாம்.