லெக்சர் கேக்க நேர்ல போறதா, ஸ்க்ரீன்ல பாக்குறதா? என் அனுபவத்துல ஒரு ஒப்பீடு

போன வாரம் ஆபிஸ்ல ஒரு தம்பி கேட்டான், "அக்கா, எல்லாந்தான் யூடியூப்ல வந்துடுதே, அப்புறம் எதுக்கு ஹாஃப் டே லீவு போட்டுட்டு புக்கித் தீமா வரைக்கும் ஓடுறீங்க?" அன்னைக்கு மீட்டிங்குக்கு நேரமாயிடுச்சு, ஏதோ ரெண்டு வார்த்தை சொல்லிட்டு போயிட்டேன். ஆனா அது ஒழுங்கான பதில் இல்லன்னு உறுத்திட்டே இருந்துச்சு, அதான் இங்க கொஞ்சம் விரிவா.

நாலஞ்சு வருஷமா இந்த மாதிரி அரசாங்கம், கொள்கை சம்பந்தப்பட்ட லெக்சரா தேடித் தேடி கேட்டுட்டு இருக்கேன். சிங்கப்பூர்ல இருக்குற நமக்கு மூணு வழி இருக்கு. புக்கித் தீமால இருக்குற லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளிக்கு நேர்ல போறது. ஹார்வர்ட் கென்னடி ஸ்கூல், லண்டன் எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) இவங்க நடத்துறத ஸ்க்ரீன்ல பாக்குறது. இல்லன்னா லெக்சர் புத்தகமா வர்ற வரைக்கும் பொறுத்திருந்து படிக்கிறது. மூணுமே செஞ்சு பாத்துட்டு இப்போ முடிஞ்ச வரைக்கும் நேர்ல போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

செலவு பெருசா பேச வேண்டியது இல்ல, நான் போனது, பாத்தது எல்லாமே இலவசம்தான், பேர் மட்டும் பதிஞ்சா போதும். போக்குவரத்தும் அப்படித்தான், பொட்டானிக் கார்டன்ஸ் ஸ்டேஷன்ல சர்க்கிள் லைன், டவுன்டவுன் லைன் ரெண்டும் நிக்குது, அங்கருந்து நடந்துடலாம். பழைய ராஃபிள்ஸ் காலேஜ் இருந்த வளாகம் அது, அந்தப் பழைய கட்டடமும் மரமும் பாக்கவே நல்லா இருக்கும்.

வெளிநாட்டு லெக்சர்ல முதல்ல ஹார்வர்ட். அவங்க ஃபோரம்ங்கற கூட்ட அரங்கு 1978ல கட்டினது, பகல்ல மாணவர்கள் உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்குற அதே இடத்துல சாயங்காலம் ஒரு நாட்டோட பிரதமரோ அமைச்சரோ வந்து பேசுவாங்க. அங்க சாயங்காலம் ஆறு மணின்னா நமக்கு அடுத்த நாள் காலைல ஆறு, அவங்களுக்கு குளிர்காலம்னா ஏழு, அதனால டீயோட உக்காந்து லைவ்வாவே பாத்துடலாம். எனக்கு அவங்ககிட்ட ரொம்ப பிடிச்சது கேள்வி நேரத்துக்கு வச்சிருக்குற விதி. யார் வேணா மைக்குக்கு முன்னாடி வரிசைல நிக்கலாம், யாருன்னு சொல்லணும், ஒரே கேள்வி, சுருக்கமா, கடைசில கேள்விக்குறி இருக்கணும். இத நடத்துறவர் முதல்லயே சொல்லிடுவார். நம்ம ஊர் கூட்டம் எல்லாத்துலயும் இத எழுதி ஒட்டி வைக்கணும்னு மனசார ஆசைப்படுறேன்.

எல்எஸ்இ நேரம் நமக்கு ஒத்து வராது, அங்க சாயங்காலம் ஆறரைன்னா இங்க நடுராத்திரி தாண்டி ஒன்றரை, சில மாசம் ரெண்டரை. ஆனா அவங்க பாட்காஸ்ட் இருக்கு, எம்ஆர்டி ரயில்ல போறப்போ அத கேட்டே எத்தனையோ விஷயம் கத்துக்கிட்டேன். நேர்ல அங்க ஒரே ஒரு தடவை, லண்டன் போயிருந்தப்போ வரிசைல நின்னு போனேன், அத வச்சு எல்எஸ்இ நேர்ல எப்படின்னு தீர்ப்பு சொல்ல முடியாது. ஹார்வர்டுக்கு போனதே இல்ல, அதனால நான் சொல்றது ஸ்க்ரீன்ல பாக்குற அனுபவம் மட்டுந்தான்.

புத்தகத்துக்கு நல்ல உதாரணம் நாதன் லெக்சர். 1988ல ஆரம்பிச்ச கொள்கை ஆய்வுக் கழகம் 2008ல லீ குவான் இயூ பள்ளியோட சேந்துச்சு, அவங்கதான் எஸ் ஆர் நாதன் பேர்ல ஒவ்வொருத்தரா தேர்ந்தெடுத்து தொடரா பேச வைக்கிறாங்க. முதல் ஆள் தொழிலதிபர் ஹோ குவோன் பிங், 2014, 15ல அஞ்சு லெக்சர், அடுத்து முன்னாள் தூதர் பிலஹரி கௌசிகன். மருத்துவ சமூக ஊழியரா வேலைக்கு சேந்து 1999லேருந்து 2011 வரைக்கும் சிங்கப்பூர் அதிபரா இருந்த நம்ம நாதன் ஐயா பேர்ல இப்படி ஒண்ணு நடக்குறதே எங்கம்மாவுக்கு அவ்ளோ பெருமை, நான் படிச்சு தமிழ்ல சொல்லச் சொல்ல கேப்பாங்க. புத்தகத்துல லெக்சர் முழுசா இருக்கும், கேள்வி பதிலும் இருக்கும், ஆனா தொகுத்து சுருக்கினதுதான்.

இப்போ நான் முடிவு பண்ணதுக்கு காரணமே இந்த கேள்வி நேரந்தான். லெக்சர்ங்கறது தயார் பண்ணி வர்றது, அத எங்க கேட்டாலும் ஒண்ணுதான், ஸ்க்ரீன்ல கேட்டா நிறுத்தி நிறுத்தி கேக்கலாம், நேர்ல கேக்குறத விட நல்லாவே புரியும். கேள்விக்கு சொல்ற பதில் அப்படி இல்ல, அது அந்த இடத்துலயே யோசிச்சு சொல்றது. ஒரு தடவை லீ குவான் இயூ பள்ளில வீட்டு வசதி பத்தின லெக்சர், பேசினவர் எத்தனை பேர் சொந்த வீட்ல இருக்காங்கன்னு ஸ்லைடு ஸ்லைடா காட்டினார், எல்லாம் சரி. கேள்வி நேரத்துல வயசான ஒரு அங்கிள் எழுந்து, 99 வருஷ லீஸ்ல என் எச்டிபி (அரசாங்கம் கட்டின அடுக்குமாடி) வீட்டுக்கு இன்னும் 50 சொச்சந்தான் பாக்கி, வயசான காலத்துக்கு இந்த வீடுதான் சேமிப்புன்னு நீங்க சொன்னத நம்பி இருக்கேன், என் பேரன் காலத்துல இதுக்கு என்ன விலை இருக்கும்னு கேட்டார். ஹால் அப்படியே அமைதியாயிடுச்சு. பேசினவர் கையில இருந்த ரிமோட்ட கீழ வச்சுட்டு, லீஸ் முடியிறப்போ வீடு அரசாங்கத்துக்கு திரும்பிப் போயிடுங்கறத மறைக்காம சொல்லி, மதிப்பு எப்படி கொறையும்னு அஞ்சு நிமிஷம் நிதானமா விளக்கினார். அந்த அஞ்சு நிமிஷம் எந்த ஸ்லைடுலயும் இல்ல.

அதே நாள் அங்க படிக்கிற ஒரு பொண்ணு, அவங்க ஊர்ல அரசாங்க அதிகாரி, 1966ல நீங்க போட்ட நிலம் கையகப்படுத்துற சட்டம் இல்லாம இவ்ளோ வீடு கட்டியிருக்க முடியுமா, எங்க நாட்டுல அப்படி சட்டம் கொண்டு வந்தா ஆட்சியே கவுந்துடும், நாங்க உங்ககிட்டருந்து எத எடுத்துட்டு போறதுன்னு கேட்டாங்க. கஷ்டந்தான்னு அவர் ஒத்துக்கிட்டார். ஆசியா முழுக்கலேருந்தும் அதிகாரிகள் வந்து படிக்கிற இடங்கறதால இந்த மாதிரி கேள்வி அங்க வரும். வெளிய டீ குடிச்சுட்டு நிக்கிறப்போ நான் அந்தப் பொண்ணுகிட்ட இன்னும் அரை மணி நேரம் பேசிட்டு இருந்தேன்.

ரெக்கார்டிங்ல இது முழுசா கிடைக்கும்னு நம்ப முடியல. ஒரு அமைப்போட வீடியோல கேக்குறவங்களுக்கு மைக்கே குடுக்கல, பதில் மட்டும் கேக்குது, என்ன கேட்டாங்கன்னே தெரியல. இன்னொரு இடத்துல லெக்சர் முடிஞ்சதும் ரெக்கார்டிங்க நிறுத்திட்டாங்க. லைவ்ல கேள்விய டைப் பண்ணி அனுப்பலாந்தான், நானும் அனுப்பியிருக்கேன், நடத்துறவர் எடுத்தாதான் உண்டு, எடுத்தாலும் பதில் பாதில நின்னா திருப்பி கேக்க வழி இல்ல.

நேர்ல போறதுல சிரமம் இல்லாம இல்ல. மதிய சாப்பாட்டு நேரத்துலயோ சாயங்காலம் அஞ்சு மணி வாக்குலயோ வச்சா ஷிஃப்ட் வேலைல இருக்குறவங்களும் சின்னப் பிள்ளை வச்சிருக்குறவங்களும் வர முடியாது, அவங்களுக்கு வீடியோதான் சரி, அதுல நான் வாதாட மாட்டேன். எனக்கு லீவு குடுக்குற மேனேஜர் இருக்குறதால முடியுது.

போறதா இருந்தா பதிவு ஆரம்பிக்கிற அன்னைக்கே பேர் பதிஞ்சுடுங்க, நடுப்பக்கம் மைக்குக்கு பக்கத்துல உக்காருங்க, கேள்விய ரெண்டு வரில எழுதி வச்சுக்கோங்க, எழுந்து நின்னா வார்த்தை நீண்டுடும்.

அந்தத் தம்பி ஒர்க் பாஸ்ல இருக்கான், ரூம் வாடகை ரெண்டு தடவை ஏறிடுச்சுன்னு தினம் சொல்லுவான். வீடு பத்தி நான் போன எந்த லெக்சர்லயும் வாடகைல இருக்குற வெளிநாட்டு வேலையாள் யாரும் எழுந்து கேள்வி கேட்டு நான் பாக்கல. அடுத்த லெக்சருக்கு அவனையும் வரச் சொல்லியிருக்கேன், கேள்விய தமிழ்லயே எழுதிட்டு வாடா, இங்கிலீஷ்ல மாத்துறத நம்ம சேந்து பாத்துக்கலாம்னு.