"ஜெயிச்சா மட்டும் பீஸ்" என்று வருகிறவர்களிடம் ஜாக்கிரதை

மருத்துவ அலட்சிய வழக்கு நடத்தித் தருகிறோம் என்று ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே ஆள் பிடிக்கும் கூட்டம் ஒன்று இருக்கிறது. என் அக்கா விஷயத்தில் அவர்கள் செய்தது இது.

பித்தப்பைக் கல் ஆபரேஷனில் பித்தநாளம் வெட்டுப்பட்டு, வேறு மருத்துவமனையில் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியதாயிற்று. அங்கேதான் விசிட்டிங் கார்டோடு ஒருவர் வந்தார். "வர்றதுல முப்பது பர்சன்ட் கொடுத்தா போதும், தோத்தா ஒண்ணும் வேண்டாம். டாக்டரை உள்ள தள்ளிடலாம்மா."

வழக்கில் வரும் பணத்தில் வக்கீல் பங்கு பேசுவதையும், இப்படிக் கேஸ் தேடி அலைவதையும், வக்கீல்களை நெறிப்படுத்தும் பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன. டாக்டரை உள்ளே தள்ளுவதும் லேசில்லை. கடும் அலட்சியம் இருந்தால்தான் கிரிமினல் வழக்கு என்று 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நஷ்டஈடு கேட்க நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

"ஒரு கோடி கேட்கப்போறோம், அதுக்குத் தக்க கோர்ட் பீஸ் கட்டணும்" என்று முதலில் ஒரு தொகை வாங்கினார்கள். சுத்தப் பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கேட்கிற தொகையைப் பார்ப்பதில்லை, சிகிச்சைக்குக் கட்டிய தொகையைத்தான் பார்ப்பார்கள். அது 5 லட்சத்துக்குள் என்றால் பீஸே கிடையாது. எங்கள் பில் அதற்குள்தான்.

போன் செய்தால் "ஆஸ்பத்திரிக்கு நோட்டீஸ் போயாச்சு, கேஸுக்கு நம்பர் ஆகணும்" என்பார்கள். நச்சரித்து நோட்டீஸ் நகல் வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் அக்கா பெயர், மூன்றாவது பத்தியில் "மேற்படி ஹெர்னியா அறுவை சிகிச்சையில்" என்று இருக்கிறது! எவருக்கோ அடித்ததில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். தபால் ரசீதும் இல்லை.

நிஜமாகவே நோட்டீஸ் போயிருந்தாலும் காலக்கெடு நிற்காது. நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் தாக்கலாகி இருக்க வேண்டும். எங்களுக்கு அது தாண்டியே போய்விட்டது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். இப்போது தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவில்தான் வழக்கின் உயிர் தொங்குகிறது. இந்தப் பதிவில் வேறெது மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வக்காலத்து, அதாவது நம் சார்பில் வழக்காட வக்கீலுக்கு அதிகாரம் தரும் தாள், கொடுத்த சில வாரங்களில் வழக்கு எண்ணைக் கேளுங்கள், ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

கேஸ் கட்டைத் திருப்பிக் கேட்டபோது அதற்கும் பணம் கேட்டார்கள். பீஸ் பாக்கியே இருந்தாலும் வக்கீல் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதைச் சொல்லி எழுதிக் கொடுத்த பிறகு கட்டு வந்தது, ஸ்கேன் ஃபிலிம் இல்லாமல். சிகிச்சைக் குறிப்புகள் உள்ள கேஸ் ஷீட்டுக்கு ஆஸ்பத்திரியில் மறுபடி எழுதிக் கொடுத்தோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ நெறிமுறை. ஒரிஜினல் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அக்காவுக்கு இலவச வக்கீலே கிடைத்திருப்பார். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு உதவி தருகிறது, எண் 15100. இப்போதுதான் அங்கே போயிருக்கிறோம்.

வக்காலத்தில் பெயர் இருந்த வக்கீல்மேல் பார் கவுன்சிலில் புகார் கொடுத்தாயிற்று. கார்டு நீட்டிய ஆள் வக்கீலே இல்லை. அவர்மேல் போலீசில் தனிப் புகார்.