சீட்டு யார் கையில் இருக்க வேண்டும்?

2022 ஜூலையில் பிரிட்டனின் ஆளுங்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் எம்.பி.க்கள் அடுத்த தலைவரை, அதாவது அடுத்த பிரதமரை, தேர்ந்தெடுக்கத் தங்களுக்குள் நடத்திய கடைசிச் சுற்று வாக்கெடுப்பில் ரிஷி சுனக்குக்கு 137 ஓட்டு, லிஸ் டிரஸ்ஸுக்கு 113. 105 வாங்கிய பென்னி மோர்டன்ட் வெளியேறினார். எம்.பி.க்களின் வேலை அத்துடன் முடிந்தது. மிஞ்சிய இருவரில் ஒருவரைச் சந்தா கட்டும் கட்சி உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஓட்டுரிமை இருந்தவர்கள் ஏறத்தாழ 1.72 லட்சம் பேர். அவர்களில் 81,326 பேர் டிரஸ்ஸுக்குப் போட்டார்கள், 60,399 பேர் சுனக்குக்கு. செப்டம்பர் 6 அன்று டிரஸ் பிரதமர் ஆனார். 23ஆம் தேதி அவருடைய நிதியமைச்சர் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமலே வரிகளைக் குறைத்தார். மூன்றே நாளில் டாலருக்கு எதிராக பவுண்டு அதுவரை காணாத அடிமட்டத்துக்கு விழுந்தது. அக்டோபர் 20இல் டிரஸ் ராஜினாமா.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அடுத்த தலைவருக்கான போட்டியில் இறங்கவே 100 எம்.பி.க்களின் ஆதரவு வேண்டும் என்று வேலியை உயர்த்திக் கட்டினார்கள். கடைசியில் களத்தில் நின்றவர் சுனக் ஒருவர்தான். ஏழு வாரத்துக்கு முன்பு உறுப்பினர்கள் வேண்டாம் என்ற அதே ஆள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே பிரதமராகிவிட்டார்.

இதை வைத்து "தொண்டனுக்கு என்ன தெரியும், விவரம் தெரிந்தவர்கள் தேர்ந்தெடுத்தால்தான் சரி" என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் போக மாட்டேன். விவரம் தெரிந்தவர்கள் கொண்டுவந்த சுனக்கின் தலைமையில்தான் 2024 தேர்தலில் கட்சி 121 இடங்களுக்குச் சுருங்கியது. ஜெயிக்கிற குதிரையை யார் சரியாகக் கணிப்பார்கள் என்று பார்த்தால் இரண்டு தரப்பும் மண்ணைக் கவ்வியிருக்கிறது. நான் பார்ப்பது வேறு: தேர்ந்தெடுத்த ஆளோடு தினமும் குடித்தனம் நடத்தப் போவது யார்?

நாடாளுமன்ற முறையில் அது எம்.பி.க்கள். ஜெரமி கோர்பினை 2015இல் ஏறத்தாழ 60 சதவீத ஓட்டுடன் லேபர் கட்சியின் ஆதரவாளர்கள் தலைவராக்கினார்கள். மறு வருஷம் 172 லேபர் எம்.பி.க்கள் அவர்மேல் நம்பிக்கை இல்லை என்றார்கள், 40 பேர்தான் கூட நின்றார்கள். உறுப்பினர்கள் அசரவில்லை, அவரையே மறுபடி முன்பைவிடக் கூடுதல் ஓட்டில் தேர்ந்தெடுத்தார்கள். வண்டி ஒன்று, மாடுகள் எதிரெதிர்த் திசையில். இந்த இடத்தில் என் ஓட்டு எம்.பி.க்களுக்கு. கட்சிக்காரர்கள் முதலில் பட்டியலைச் சுருக்கிக் கொடுக்கட்டும், கடைசிச் சொல் எம்.பி.க்களுடையதாக இருக்கட்டும். பிரிட்டனில் இது தலைகீழாக இருக்கிறது.

அமெரிக்கா வேறு மாதிரி. அதிபரை நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்து நினைத்த நேரத்தில் இறக்கிவிட முடியாது. நான்கு வருஷம் மக்கள்தான் சுமக்க வேண்டும். அப்படியானால் ஆளைப் பொறுக்கும் உரிமையும் அவர்களுக்கே. ஆனால் இதற்கு அங்கே வெகுகாலம் ஆனது.

1924இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூடிய டெமாக்ரடிக் கட்சி மாநாட்டை நினைத்துப் பாருங்கள். அதிபர் வேட்பாளரை அப்போது மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகள்தான் ஓட்டுப் போட்டுப் பொறுக்கினார்கள். வேட்பாளர் ஆக மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். ஆல் ஸ்மித் ஒரு பக்கம், மெக்காடூ மறு பக்கம், இருவருக்கும் அது கிடைக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அகர வரிசைப்படி முதலில் அலபாமாவைக் கூப்பிடுவார்கள். அதன் ஆளுநர் எழுந்து "அலபாமாவின் இருபத்து நான்கு ஓட்டும் ஆஸ்கர் அண்டர்வுட்டுக்கு" என்று முழங்குவார். அந்த வருஷம்தான் மாநாடு வானொலியில் போனது. கொஞ்ச நாளில் அரங்கமே அவரோடு சேர்ந்து கத்த ஆரம்பித்துவிட்டது. 103 சுற்றுகள்! இரண்டு வாரம் கழித்து, யாருக்கும் பெரிதாகப் பிடிக்காத, யாரும் பெரிதாக வெறுக்காத ஜான் டேவிஸ் வேட்பாளர் ஆனார். நவம்பரில் கூலிட்ஜிடம் படுதோல்வி.

அந்த முறை சந்தி சிரித்தது 1968இல். வியட்நாம் போரை எதிர்த்து யூஜின் மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும் மாநிலம் மாநிலமாகப் பிரைமரி தேர்தல்களில், அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று மக்களே ஓட்டுப் போடும் தேர்தல்களில், மோதினார்கள். கலிஃபோர்னியாவில் ஜெயித்த இரவே கென்னடி சுடப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானவர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி. ஒரு பிரைமரியில்கூட நிற்காதவர். வெளியே தெருவில் போலீஸ் தடியடி, உள்ளே தலைவர்கள் கைகாட்டிய ஆள். நிக்சனிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

அதற்குப் பிறகு விதியை மாற்ற ஒரு குழு போட்டார்கள். அதற்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் மெக்கவர்ன்தான் 1972இல் புதிய விதிப்படி வேட்பாளர் ஆனார். 50 மாநிலங்களில் 49ஐ இழந்தார். ஆனால் நான்கே வருஷத்தில் அதே முறைதான், வாஷிங்டனில் பலருக்குப் பெயர்கூடத் தெரியாத ஜிம்மி கார்ட்டரை வெள்ளை மாளிகைக்கே அனுப்பியது.

பிரைமரியில் எனக்குள்ள குறை, மக்கள் கையில் கொடுத்தது இல்லை, ஓட்டை எண்ணும் விதம். 2016இல் தென் கரோலினா குடியரசுக் கட்சி பிரைமரியில் டிரம்ப் வாங்கியது 32.5 சதவீதம். மற்றவர்கள் மீதியைப் பிரித்துக்கொண்டார்கள். கட்சி மாநாட்டில் ஓட்டுப் போடும் அந்த மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் டிரம்ப்புக்கே. மூன்றில் இரண்டு பேர் வேறு யாருக்கோ போட்டதற்கு மதிப்பு பூஜ்யம். இதை "மக்கள் தீர்ப்பு" என்று அழைக்க எனக்குத் தயக்கம். 2024இல் நேர் எதிர்: பைடன் பிரைமரிகளில் ஜெயித்து முடித்த பிறகு, ஜூலை 21 அன்று விலகினார். கமலா ஹாரிஸ் ஒரு பிரைமரியும் இல்லாமல் வேட்பாளர் ஆனார். வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

இலங்கையில் மக்கள் பொறுக்குவது, கட்சி பொறுக்குவது என்ற இரண்டு முறையும் ஒரே வாக்குச்சீட்டில் இருக்கின்றன. கட்சிக்குப் போடும் ஓட்டோடு அந்தப் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கும் போடலாம். விளைவு, எதிர்க்கட்சியைவிடச் சொந்தக் கட்சிக்காரனே முதல் எதிரி. கூடவே, கட்சி தானே நியமிக்கும் 29 தேசியப் பட்டியல் இடங்களும் உண்டு. 2020இல் மக்கள் தோற்கடித்த ரணில் விக்ரமசிங்க, தன் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடமான தேசியப் பட்டியல் வழியாக 2021இல் உள்ளே வந்தார். 2022 ஜூலையில் 134 எம்.பி.க்களின் ஓட்டில் ஜனாதிபதியே ஆகிவிட்டார்.

நம்மூர்? விருப்ப மனு, கட்டணம், நேர்காணல் எல்லாம் உண்டு. வேன் பிடித்து ஆட்களோடு சென்னைக்குப் போய், பட்டுவேட்டி கசங்காமல் வரிசையில் நின்று, இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வருவார்கள். முடிவு எங்கே, எந்த நேரத்தில் ஆகிறது என்று மாவட்டச் செயலாளருக்கே பல சமயம் தெரியாது. ஆகவே இங்கே "கட்சிக்காரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்" என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். 1924இல் நியூயார்க்கில் சண்டை போட்டுக்கொள்ளவாவது ஆயிரத்துக்கு மேல் பிரதிநிதிகள் இருந்தார்கள். இங்கே, இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி சொல்லும் ஏ, பி படிவத்தில் விழும் ஒரு கையெழுத்து போதும். வேட்புமனுவின் கடைசி நாள் மதியம் மூன்று மணிக்குள் அது தேர்தல் அதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.