பெரிய அச்சகப் பிலிமை எதில் எடுப்பது: ஸ்கானரிலா, கமெராவிலா?

பழைய ஓப்செட் அச்சகத்தை மூடும்போது முதலில் குப்பைக்குப் போவது, பக்கத்தை அச்சுப் பிளேட்டுக்கு மாற்றப் பாவித்த பிலிம் கட்டுகள்தான். 12க்கு 18 அங்குலம், சிலது 20க்கு 24. கோயில் நோட்டீஸ், பாடசாலை மலர், இறந்தவர் நினைவாக 31ஆம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டுப் புத்தகம் எல்லாம் அதற்குள் கிடக்கும். 2008, 2009இல் கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனம் வீடுவாசலை விட்டு ஓடியபோது பழைய வட்டப்பளை அம்மன் கோயில் பொங்கல் நோட்டீஸை யார் காவிக்கொண்டு போயிருப்பார்கள்? அதே நோட்டீஸ் வவுனியாவில் அச்சடித்ததாக இருந்தால், தாள் போனாலும் பிலிம் எங்காவது ஒரு தட்டில் இருக்கலாம்.

இந்தப் பிலிமைக் கணினிக்கு எதில் எடுப்பது என்று கேட்பவர்கள் நேரே கருவியின் விலைக்குப் போய்விடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பிலிமை. அச்சகங்கள் பாவித்த லித் பிலிமில் கறுப்பும் தெளிவும் மட்டும்தான். நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. போட்டோவைக்கூட ஸ்கிரீன் போட்டுச் சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைத்திருப்பார்கள். அதனால் விலைகூடிய ஸ்கானர்கள் பெருமையாகச் சொல்லும் அடர்த்தி வீச்சு, அதாவது கறுப்புக்கும் தெளிவுக்கும் நடுவில் உள்ள சாயல்களைப் பிரித்தெடுக்கும் திறன், இங்கே வீண். எழுத்தும் கோடும் மட்டும் உள்ள பிலிமை ஒரு பக்கமும், புள்ளிப் படம் உள்ளதை இன்னொரு பக்கமும் பிரித்து வைத்தால் பாதித் தீர்மானம் முடிந்தது.

ஊர்க் கொமினிகேஷன் கடைகளில் இருக்கும் A4 ஸ்கானருக்கு மேலிருந்து வெளிச்சம் தரும் வசதி இல்லை. பிலிமுக்குப் பின்னால் வெள்ளைத்தாள் வைத்து எடுத்தால் எழுத்து ஓரளவு வரும், அவசரத்துக்குப் பரவாயில்லை. புள்ளிப் படத்துக்கு இது சரிவராது. வெளிச்சம் பிலிமுக்குள்ளால் போய், தாளில் பட்டுத் திரும்பி வருவதால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிழல் விழும்.

அடுத்தது எப்சன் வி850. வீட்டு நெகட்டிவுக்கு அருமையான ஸ்கானர். ஆனால் மூடியில் உள்ள விளக்கு 8க்கு 10 அங்குலத்தைத்தான் பார்க்கும். 12க்கு 18 பிலிமை நாலு துண்டாக எடுத்து ஒட்டலாம் என்று கணக்குச் சொல்லும். கை வேறு சொல்லும். பிலிம் விளிம்புக்கு வெளியே நீட்டி நிற்பதால் சட்டத்தில் ஏறிக் கண்ணாடியை விட்டுக் கிளம்பும். தலைப்பக்கத்தில் ஸ்கானர் தன்னைச் சரிபார்த்துக்கொள்ளும் இடைவெளி ஒன்று இருக்கிறது. பிலிம் அதை மறைத்தால் படம் முழுக்கக் கோடு கோடாக விழும். பெரிய பிலிமுக்கு இதை வாங்க வேண்டாம் என்பேன்.

எப்சன் எக்ஸ்பிரஷன் 12000எக்ஸ்எல், பிலிம் மூடியோடு, A3 அளவை ஒரே தடவையில் எடுக்கும். 18 அங்குல நீளம் அதிலும் அடங்காது. இரண்டு தடவை வேண்டும். ஆனாலும் புள்ளிப் படத்துக்கு இதுதான் கருவி. 1200 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 1200 பிக்சலில் எடுத்தால், அங்குலத்துக்கு 133 வரிசைப் புள்ளிகள் உள்ள 133 வரி ஸ்கிரீனின் ஒவ்வொரு புள்ளிக்கும் குறுக்கே 9 பிக்சல் கிடைக்கும். புள்ளி புள்ளியாகவே பதிவாகும், அலையலையான மொய்ரே கோலம் விழாது. பிறகு கணினியில் புள்ளிகளைக் கரைத்துச் சாம்பல் படமாக்கலாம். பிலிமின் மங்கலான பக்கத்தைக் கண்ணாடியில் படும்படி வையுங்கள். பளபளப்பான பக்கம் பட்டால், அதுவும் மாரிகால ஈரத்தில், வளைய வளையமாக நியூட்டன் வளையங்கள் வரும். விலை, பாவித்த கமெராவைப்போல் பல மடங்கு. ஒரு அச்சகத்துப் பிலிமுக்காக யாரும் தனியே வாங்கக்கூடாது. நாலைந்து சனசமூக நிலையங்கள் சேர்ந்தால் யோசிக்கலாம்.

எழுத்துப் பிலிமுக்கு என் தெரிவு கமெராதான். 24 மெகாபிக்சல் கமெரா என்றால் 6000க்கு 4000 பிக்சல். 12க்கு 18 பிலிமின் விகிதமும் அதேதான். ஒரே படத்தில் அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைக்கிறது. நோட்டீஸ் எழுத்துக்கு அது போதும். கல்வெட்டின் பொடி எழுத்துக்கு நாலு பகுதியாக, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று வரும்படி எடுத்து ஒட்டினால் 600க்குக் கிட்ட வரும். ஆனால் பத்திரிகைப் படத்தின் 85 வரிப் புள்ளிக்கு 333 என்பது புள்ளிக்கு 4 பிக்சல்கூட இல்லை. மொய்ரே வரும் வாய்ப்பு அதிகம்.

வெளிச்சத்துக்கு, படம் கீறப் பிள்ளைகள் பாவிக்கும் எல்இடி பலகை போதும். பவர் பேங்கில் ஓடும் என்பதே பெரிய ஆறுதல். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்ததை மறக்கவில்லை. ஆனால் பிலிமை நேரே பலகையில் போட்டால் பலகையின் பொட்டுகளும் சேர்ந்து விழும். பால்வெள்ளை அக்ரிலிக் தகடு ஒன்றைக் கொஞ்சம் உயர்த்தி அதன்மேல் வையுங்கள். மலிவுப் பலகை கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கும். ஷட்டர் வேகம் கூடினால் பட்டை பட்டையாக வரும், 1/15 செக்கனுக்குக் கொண்டுவந்தால் அடங்கும். பிலிம் இல்லாமல் வெறும் பலகையையும் ஒரு படம் எடுத்து வைத்தால் ஓர இருளைப் பிறகு சரிசெய்யலாம். புழுதி பறக்கும் ரோட்டோரக் கடையில் செய்யாதீர்கள்.

ஸ்கானரில் எடுப்பவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. அச்சகத்தார் பிலிமில் சிவப்புப் படலம் வெட்டி ஒட்டியிருப்பார்கள், மஞ்சள் தாளில் பொருத்தியிருப்பார்கள். பிளேட்டைச் சுடும் வெளிச்சத்துக்கு அவை கறுப்பு; நம் கண்ணுக்குத்தான் சிவப்பும் மஞ்சளும். கறுப்புவெள்ளையில் எடுத்தால் அவை வெளிர்சாம்பலாகி, மறைத்த இடம் மறையாமல் நிற்கும். கலரில் எடுத்து நீலச் சானலை, அதாவது படத்தின் நீல வெளிச்சப் பதிவை, மட்டும் வைத்துக்கொண்டால் அச்சகத்தார் நினைத்த பக்கம் அப்படியே வந்துவிடும். கலர்க் கோப்பையும் அழிக்க வேண்டாம். எந்தத் துண்டு பிறகு ஒட்டியது என்பதும் வரலாறுதான்.

எதில் எடுத்தாலும் தூசியை நீக்கும் தானியங்கி வசதியை நிறுத்தி வையுங்கள். ஆங்கிலப் பக்கத்தில் i, j தலைப்புள்ளியோடும் முற்றுப்புள்ளியோடும் சேதம் முடிந்துவிடும். நமக்கு மெய்யெழுத்து முழுவதும் புள்ளிதான். நெகட்டிவ் பிலிமின் கறுப்பில் விழுந்த ஊசித்துளை, நிறம் மாற்றியதும் கரும்பொட்டாகி 'க' மேல் நின்றால் 'க்' ஆகிவிடும். துடைக்கப் போனால் உண்மையான புள்ளியும் போகும். இதைக் கண்ணால் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஊசித்துளைகளை அடைக்கப் பிரஷ்ஷால் ஒபேக் என்ற மை பூசிய பழைய தொழிலாளி ஒருவர் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

அவரே இன்னொரு வழியும் சொல்லுவார்: பிளேட் அடித்து ஒரு தாள் ஓட்டி, அதை ஸ்கான் பண்ணு. இயந்திரமும், பிலிமைப் பிளேட்டோடு ஒட்டப் பிடிக்கும் வெற்றிடச் சட்டமும் இன்னும் வேலை செய்தால், 20க்கு 24 பிலிமுக்கு மட்டும் கேட்டுப் பார்க்கலாம். மை பரவிப் புள்ளி பெருக்கும், அது மட்டும் குறை.

ஸ்கான் பண்ணக் கொழும்புக்கு அனுப்புவது கடைசி வழி. சுருட்டிக் குழாயில் போட்டு, வெயில் காயும் பஸ் தட்டில் அனுப்பினால் பழைய அசிட்டேட் பிலிம் இன்னும் நெளியும். கட்டைத் திறந்ததும் வினாகிரி மணம் வந்தால் அது அசிட்டேட், அழுகத் தொடங்கிவிட்டது. வெக்கையும் ஈரமும் அதை வேகப்படுத்தும். பொலியெஸ்டருக்கு அந்த நோய் இல்லை, ஓரத்தைக் கிழிக்கப் பார்த்தாலும் கிழியாது. மணக்கும் கட்டை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, புள்ளிப் படமோ எழுத்தோ, நல்ல ஸ்கானர் வரும் என்று காத்திராமல் கையில் இருக்கும் கமெராவிலேயே அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.