சீக்கிரம் பென்ஷன் வந்தவருக்கு எது கைகொடுக்கும்? இசிஎச்எஸ், இஎஸ்ஐ, தனியார் பாலிசி

பட்டாளத்திலிருந்து வரும்போது எனக்கு வயது 38. ஹவில்தாராக 18 வருட சர்வீஸ். உசிலம்பட்டிப் பக்கம் என்னைப் போல் வந்தவர்கள் நிறைய. ஊருக்கு வந்த வாரமே காப்பீட்டு ஏஜெண்ட் வீடு தேடி வருவார். மதுரையில் செக்யூரிட்டி வேலை கிடைத்தால் இஎஸ்ஐ, அதாவது சம்பளக்காரர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு வரும். பென்ஷன் வாங்கும் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் ஏற்கெனவே இருக்கும். எதை நம்புவது என்று தம்பிகள் கேட்கிறார்கள்.

என் பதில் இசிஎச்எஸ்தான். ஹவில்தார் வரை ஒரே தடவை 30,000 ரூபாய், அதற்கு மேலே சுபேதார் போன்ற ஜேசிஓவுக்கு 67,000. 38 வயதில் வந்தவர் 78 வரை கணக்குப் போட்டால் வருடத்துக்கு 750 ரூபாய். வயது ஏறினாலும் மறுபடி கட்ட வேண்டியதில்லை. சர்க்கரை, பிரஷர் ஏற்கெனவே இருந்தாலும் காத்திருப்புக் காலம் கிடையாது, வைத்தியச் செலவுக்கு உச்சவரம்பும் கிடையாது. மாத மாத்திரையும் இசிஎச்எஸ்ஸின் சொந்த மருத்துவமனையான பாலிகிளினிக்கிலேயே வாங்கலாம். சீக்கிரம் வந்தவருக்குத்தான் இதில் லாபம் அதிகம்.

தனியார் பாலிசியில் வருடா வருடம் பிரீமியம், வயதோடு அதுவும் ஏறும். பழைய நோய்க்கு மூன்று வருடம் வரை காக்க வைக்கலாம். 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி இல்லை என்பது ஆறுதல். ஆனால் ரெஃபரல் என்ற பரிந்துரைச் சீட்டு இல்லாமல் நேரே ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கலாம். அந்த வசதியின் அருமை எனக்குத் தெரியும்.

இசிஎச்எஸ்ஸில் அவசரம் இல்லாத எதற்கும் பொதுவாக முதலில் பாலிகிளினிக், அங்கே ரெஃபரல், அப்புறம்தான் இசிஎச்எஸ் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி. எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு வந்து திரும்ப ஒரு நாள் கூலி போய்விடும். இன்னொன்று, ஆஸ்பத்திரி பட்டியலில் இருந்தாலும் எல்லாப் பிரிவுக்கும் அனுமதி இருக்காது. எலும்புக்கு இருக்கும், இதயத்துக்கு இருக்காது. கேட்டுவிட்டுப் போங்கள்.

ஒரு ராத்திரி வீட்டுக்காரிக்குக் கல் அடைப்பு வலி. பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவசரத்துக்கு அப்படிப் போகலாம். ஆனால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்ல வேண்டும். முழுப் பணத்தையும் முதலில் நாம் கட்ட வேண்டும், திரும்பக் கிடைப்பது அரசு நிர்ணயித்த கட்டண அளவுக்குத்தான். மீதி என் கைக்காசு. அதனால் சொல்கிறேன், ஏஜெண்டிடம் பெரிய பாலிசி போடும் பணத்தை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள், இந்த மாதிரி ராத்திரிக்கு உதவும்.

இஎஸ்ஐ பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் அதில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், தத்தனேரியில் ஆஸ்பத்திரி இருக்கிறது. உடம்பு முடியாமல் லீவு போட்டால் பணமும் வரும், அது நல்ல விஷயம். ஆனால் வேலையை விட்டால் அதுவும் நின்றுவிடும்.

இசிஎச்எஸ் பற்றிச் சொன்னதெல்லாம் பென்ஷன் உள்ளவருக்கு. சிப்பாய்க்குப் பென்ஷன் வர 15 வருட சர்வீஸ் வேண்டும். அதற்குள் சொந்த விருப்பத்தில் வந்தால் இசிஎச்எஸ் இல்லை. நான்கு வருடத்தில் திரும்பும் அக்னிவீரருக்கும் இல்லை. அந்தத் தம்பிகள் நோய் நொடி வருவதற்கு முன்பே, வந்த மாதமே பாலிசி எடுத்துவிட வேண்டும்.

இசிஎச்எஸ் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போது வருமானம் இல்லாத அப்பா அம்மா பெயரையும் சேருங்கள். வேலைக்குப் போகாத, கல்யாணம் ஆகாத மகனுக்கு 25 வயது வரை இதே திட்டத்தில் வைத்தியம் உண்டு.