இரசாயன டிப்ளோமாவுக்குப் பணம் கட்டும் முன்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று அலைகிற பெற்றோருக்காக எழுதுகிறேன். எங்களுக்கு நடந்தது இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது.

மகள் உயிரியல் பிரிவு. இரசாயனவியலில் நல்ல பெறுபேறு, ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி போதவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் துண்டுப்பிரசுரம் கைக்கு வந்தது: தொழிற்சாலை இரசாயன டிப்ளோமா, 12 மாதம், முடித்ததும் பியகமத் தொழிற்சாலைகளில் வேலை. போய் விசாரித்தோம். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடி போட்ட சான்றிதழைக் காட்டி, "பயப்படாதீங்க அன்ரி, கவர்மென்டில பதிஞ்ச இடம்" என்றார் அங்கிருந்த பிள்ளை. நம்பினேன். காப்பை அடகு வைத்து 480,000 ரூபாயையும் ஒரேயடியாகக் கட்டினேன்.

அந்தச் சான்றிதழில் பீவீ என்று தொடங்கும் ஓர் எண் இருந்தது. அது 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் கொடுக்கும் வெறும் கம்பனிப் பதிவு. பலசரக்குக் கடையைக் கம்பனியாகப் பதிந்தாலும் அதேதான் கிடைக்கும். படிப்பின் தரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு அது தெரிந்தபோது ஒரு வருடம் போய்விட்டது.

ஆய்வுகூடம் என்று ஓர் அறை. 28 பிள்ளைகளுக்கு அளவி, அதாவது கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கிற திருகு வைத்த கண்ணாடிக் குழாய், இரண்டு. சேர் முன்னால் நின்று நியமிப்பை (ஒரு கரைசலை அளவியால் விட்டு மற்றக் கரைசலின் செறிவைக் கண்டுபிடிப்பது) செய்து காட்டுவார், பிள்ளைகள் வாசிப்புகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வருவார்கள். மகளின் வெள்ளை மேலங்கி ஒவ்வொரு சனிக்கிழமையும் இஸ்திரி போட்டபடியே திரும்பி வந்தது. அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

பிறகு பியகமவில் ஒரு பெயின்ற் தொழிற்சாலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாள். அதுவும் நாங்களாகத் தேடிப் போனதுதான். அளவியை நிரப்பி ஒரு நியமிப்புச் செய்யச் சொன்னார்கள். மேலே வைத்த புனலை எடுக்காமலே வாசிப்பு எடுத்திருக்கிறாள். திருகுக்குக் கீழே நின்ற காற்றுக் குமிழையும் வெளியேற்றவில்லை. புனலில் நிற்கும் துளி விழுந்தால் அளவு மாறிவிடும் என்று அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாராம். வேலை கிடைக்கவில்லை. இரவு மகள் சாப்பிடவே இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள்: திருப்பித் தரப்படமாட்டாது. சரி, அது போனது போனதுதான்.

இப்போது ராஜகிரியவில் இலங்கை இரசாயன நிறுவகத்தின் பட்டதாரித் தகைமைப் படிப்பில் இருக்கிறாள். நான்கு வருடம், நீளம்தான். வெள்ளி நைத்திரேற்றுப் பட்டு விரல் நுனி கறுத்து வந்தபோது எனக்கு மனசு ஆறியது.

டிப்ளோமா என்றால் நாரஹேன்பிட்டியில் உள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் கேளுங்கள். நிறுவனம் பதிவானதா என்பது ஒரு கேள்வி, அந்தப் பாடநெறிக்கே தரச்சான்று உண்டா என்பது வேறு கேள்வி. இரண்டையும் கேளுங்கள். பட்டம் என்றால் வோட் பிளேஸில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இருக்கிறது. அப்புறம், வகுப்பு நடக்கிற நேரம் சொல்லாமல் போய் ஆய்வுகூடத்தைப் பாருங்கள். உள்ளே விடாவிட்டால் பணத்தோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.